சிரட்டைக் கரியும் பிளாட்டினக் கம்பியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய்ச் சிரட்டை, உமி போன்ற தாவரக் கழிவைக் கரியாக்கி, அதில் உலோகம் ஏற்றி, மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுக்க உதவும் வினையூக்கி செய்வது எங்கள் வேலை. போன மாதம் ஆய்வு மாணவி ஒருவர் வரைபடத்தோடு ஓடி வந்தார். "சார், ஓட்ட ஓட்ட வினையூக்கி இன்னும் நன்றாகிக்கொண்டே போகிறது!" அந்த மகிழ்ச்சி எனக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் அதே மகிழ்ச்சியில் ஆய்வகம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் நான். எடை தவறுவது, லேபிள் ஒட்ட மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இந்த வேலைக்கே உரிய தவறுகள் மட்டும்.

பிளாட்டினத்தைத் துணை மின்முனையாக வைப்பது

தேங்காய்ச் சிரட்டைக் கரியில் நிக்கலை ஏற்றி, கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஹைட்ரஜன் வரக் கூடுதலாகத் தர வேண்டிய அழுத்தத்தை மிகை மின்னழுத்தம் என்போம்; குறைந்தால் நல்லது. முதல் நாள் அது 280 மில்லிவோல்ட். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுற்று ஆயிரம் முடிந்த பின் 90. அமிலத்தில் கரைந்து தேய வேண்டிய நிக்கல் எப்படி மேம்படும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். நம் கரியில் ஹைட்ரஜன் வெளியேறும்போது எதிரே துணை மின்முனையாக இருந்து மின்சுற்றை முடித்து வைக்கும் பிளாட்டினக் கம்பியில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. அங்கே பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து அயனியாகி, கரைசலைக் கடந்து வந்து, கரியின் மேல் உலோகமாகப் படிகிறது. மின்னழுத்தத்தை அளக்க வைக்கும் ஒப்பீட்டு மின்முனையிலிருந்து குளோரைடு கசிந்தால் இன்னும் வேகமாகக் கரையும். உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காகத்தானே தாவரக் கழிவுக் கரியைத் தாங்கியாகத் தேர்ந்தெடுத்தோம்? அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. நிக்கலுக்குப் பதில் பிளாட்டினத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே நுண்துளைக் கண்ணாடி வடிதட்டு வைத்துத் தடுத்துவிட்டேன் என்பார்கள். அது தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. காரக் கரைசலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கம்பிக்குப் பதில் கிராஃபைட் தண்டைப் போடுங்கள். அதுவும் மெல்ல உதிரும், கரைசல் பழுப்பேறும். ஆனால் பொய்யான ஹைட்ரஜன் கணக்கு காட்டாது. உலோகம் ஏற்றாத வெறும் கரியையும் அதே கலத்தில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் "மேம்பட்டால்" விஷயம் புரிந்துவிடும்.

எனக்கு எட்டு மாத அளவீடுகள் குப்பைக்குப் போயின. இத்தனைக்கும் இந்த ஆபத்தை ஆய்விதழ்கள் பலமுறை எச்சரித்திருக்கின்றன. இன்றும் பிளாட்டினக் கம்பியோடு வரும் கட்டுரையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மாணவி கம்பியை எடுத்துவிட்டுக் கிராஃபைட் தண்டைப் போட்டு, புதிய கரி மின்முனையோடு மறுபடி ஓட்டினார். கோடு அசையவே இல்லை. அன்று டீ இல்லை.

உமியைச் சிரட்டைபோல் கழுவுவது

உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சிரட்டைக் கரியைக் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது மசியாது. சூடான சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். சிரட்டையில் இந்தத் தொல்லை இல்லை. அதில் முக்கியமாகப் போக்க வேண்டியது பொட்டாசியம் உப்புகள்.

உலையை அவசரமாகத் திறப்பது

கரியில் துளைகள் உண்டாக்க, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைப் போட்டு 800 டிகிரியில் சுட்டால் உள்ளே உலோகப் பொட்டாசியம் இருக்கலாம்; காற்றும் ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும். முழுக்க ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள்.

பீங்கான் மூசை

மூசை என்பது உலைக்குள் வைக்கும் கிண்ணம். பீங்கானாக இருந்தால் அந்தக் காரம் தின்றுவிடும். நிக்கல் மூசை வாங்குங்கள்.

பரப்பளவு மோகம்

நுண்துளைகளால் கரியின் பரப்பளவு கூடும். ஆனால் 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைக்குள் உங்கள் 5 நானோமீட்டர் உலோகத் துகள் எப்படி நுழையும்?