பழைய நடிகரின் வாழ்க்கையை எழுதுமுன் சரிபார்ப்பது எப்படி: பாகவதர், கலைவாணர் வழக்கை வைத்து ஒரு வழிமுறை

பாடி நடித்துப் புகழ்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றியோ, 'கலைவாணர்' எனப்பட்ட நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றியோ எழுத உட்கார்ந்தால், கேள்விப்பட்டதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு தேதிப் பட்டியல் போடுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் படங்களையும் வலப்பக்கம் வாழ்க்கையையும் எழுதவேண்டும். பாதிப் பிழைகள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

உதாரணம் பாருங்கள். இடப்பக்கம்: பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்', 1944 அக்டோபர் 16, தீபாவளி வெளியீடு. வலப்பக்கம்: நவம்பர் 8 அன்று வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது. 1945 மே 3 ஆயுள் தண்டனை. 1947 ஏப்ரலில் விடுதலை. இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகன் சிறையில் இருந்திருக்கிறார். வழக்கு வந்ததும் ஜனங்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதுமுன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'ஹரிதாஸ்' பற்றிச் சொல்லும் 'மூன்று தீபாவளி கண்ட படம்' என்பதை வைத்து மூன்று வருடம் ஓடியதாக எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1944, 1945, 1946 ஆகிய தீபாவளிகளைத் தொட, முதல் நாளிலிருந்து சுமார் 105 வாரம் போதும். மூன்று வருடம் என்றால் 156 வாரம். ஓட்டத்தை உறுதிசெய்ய அந்தக்கால நாளிதழ்களில் தியேட்டர் விளம்பரத்தின் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் தேடவேண்டும். அதைப் புகைப்படம் எடுக்கும்போது விளம்பரத்தை மட்டும் எடுக்காதீர்கள். பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரியும்படி பக்கத்தின் மேல்பகுதியையும் சேர்த்து எடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

யார் நடித்தார், யார் பாட்டு எழுதினார் என்பதற்கு, அந்தக்காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அச்சிட்ட பாட்டுப் புத்தகம்தான் நல்ல சாட்சி. நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச்சுருக்கம் எல்லாம் இருக்கும். கதை பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். ஆனால் அது படம் வெளிவருமுன்பே அச்சானது. கடைசி நேரத்தில் வெட்டிய பாட்டும் அதில் இருக்கலாம். எனவே படத்தின் டைட்டிலோடு ஒப்பிடாமல் எடுத்தாளக் கூடாது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றைத் தேடுவோர் படப்பெயரோடு ஆண்டையும் குறித்துக்கொண்டு போகவேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் வந்திருப்பது சகஜம்.

வழக்கு விஷயத்தில் குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு மூன்றையும் தனித்தனியாக எழுதவேண்டும். 'பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) விடுதலை செய்தது' என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. சென்னை உயர்நீதிமன்றம் 1945 அக்டோபரில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. விடுதலை செய்தது சென்னை உயர்நீதிமன்றமேதான். கூடவே கைதான இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டார். அவர் பெயரைத் தண்டனை பெற்றோர் வரிசையில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

சிறைதான் இருவரையும் அழித்தது என்ற முடிவுக்கும் அவசரப்படாதீர்கள். வழக்கு ஒன்று, சிறைக்காலமும் ஏறக்குறைய ஒன்று. வெளியே வந்த பாகவதருக்கு 'ராஜமுக்தி', 'அமரகவி' எதுவும் பழைய வெற்றியைத் தரவில்லை. கிருஷ்ணனோ 'பைத்தியக்காரன்', 'நல்லதம்பி', 'மணமகள்' என்று தொடர்ந்து நின்றார். சிறை ஒன்றே காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? திரும்பி வந்தபோது பாட்டை நம்பிய படங்களின் காலம் குறைந்து, வசனத்தின் காலம் தொடங்கியிருந்தது. நகைச்சுவை நடிகருக்கு அந்த மாற்றம் இடைஞ்சலாக இல்லை. எழுத்தில் அதிக இடம் கொடுக்கவேண்டியது இந்தப் பகுதிக்குத்தான்.

அந்தரங்கத்தைத் தொடும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது', 'இந்து நேசன்' இரண்டும் நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைக் கிசுகிசுவாக்கி விற்றவை. அவற்றில் வந்ததை இன்று ஆதாரம் என்று எடுத்துப் போட்டால், அன்று அவதூறுக்கு ஆளானவர்களை மறுபடியும் அதே கூண்டில் நிறுத்துகிறோம். ஒரு செய்தியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் பார்த்தால் மட்டும் சேருங்கள். பத்துப் பேர் ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது. பிழைகூட ஒரே மாதிரி இருந்தால் மூலம் ஒன்றுதான் என்று பிடித்துவிடலாம்.

தேதிகள் முரண்பட்டால் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டையும் போட்டு, எது எங்கே கிடைத்தது என்பதை அதே வரியில் சொல்லிவிடுங்கள்.