ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கியாச்சு, இப்ப என்ன பண்றது? டெல்லி கிச்சனுக்கு ஒரு செய்முறை

செப்டம்பர் அக்டோபர் வந்தா டெல்லில எந்த தெரு முனைய பாத்தாலும் ஆப்பிள் தள்ளுவண்டிதான். ஹிமாச்சல் ஆப்பிள் ஜூலைலயே எட்டிப் பாக்க ஆரம்பிச்சிடும், காஷ்மீர் லாரி ஆசாத்பூர் மண்டிக்கு (டெல்லியோட பெரிய மொத்த விலை பழச் சந்தை) வந்து இறங்க இறங்க விலை கொஞ்சம் கொஞ்சமா படியும். நவராத்திரி ஒன்பது நாளும் இங்க பாதி ஊரு விரதம், பழம் விலை ஏறிக்கும், அதனால வீட்ல கொலு முடிஞ்சு தசரா தாண்டினதும் மொத்தமா வாங்கறதுதான் என் பழக்கம். மண்டில சில்லறையா கேட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, முழுப் பெட்டிதான். அக்கம்பக்கத்துல ரெண்டு மூணு வீடு சேந்து வாங்கி பிரிச்சுக்குங்க, ஒரு வீட்டுக்கு அஞ்சாறு கிலோ வந்தா இங்க சொல்ற எல்லாத்தையும் செஞ்சு பாக்கலாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது புரிஞ்சா மீதி எல்லாம் ஈஸி. நமக்கு கிடைக்கற ஆப்பிள் பெரும்பாலும் டெலிஷியஸ் வகை. சாமுவேல் ஸ்டோக்ஸ்னு ஒரு அமெரிக்கர் சிம்லா பக்கம் கோட்கர்ல குடியேறி, 1910-கள்ல இந்த வகை மரக்கன்ன அமெரிக்கால இருந்து கொண்டு வந்து நட்டார். அதுக்கு முன்னாடி வெள்ளக்காரங்க வெச்சிருந்ததெல்லாம் புளிப்பு ஆப்பிள், இது தேனா இனிச்சதால அப்படியே பரவிடுச்சு. கடிச்சு சாப்பிட சூப்பர், ஆனா சமையலுக்கு ரெண்டு குறை இருக்கு: புளிப்பு கம்மி, சூடு பட்டா சீக்கிரம் குழைஞ்சிடும். வெளிநாட்டு ரெசிபி எல்லாம் புளிப்பு ஆப்பிள மனசுல வெச்சு எழுதினது, அத நம்ம ஆப்பிள்ல அப்படியே செஞ்சா சப்புனு சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கும், ஜாமும் உறையாது. மருந்து எலுமிச்சம்பழம்தான். ஒரு டஜன் வாங்கி பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல பிரிக்கணும்

பெட்டிய கொட்டி மூணா பிரிங்க. கெட்டியா, தழும்பு இல்லாம இருக்கறத பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ் காய்கறி டிராயர்ல வைங்க, ஒரு மாசத்துக்கு மேலயே தாங்கும். கீரை கொத்தமல்லிய மட்டும் அதோட சேக்காதீங்க, ஆப்பிள் விடற எத்திலீன் வாயுல சீக்கிரம் மஞ்சளாயிடும். அடிபட்டு லேசா பழுப்பானது, கொஞ்சம் மாவு மாதிரி ஆனது எல்லாம் இன்னைக்கே சமையலுக்கு. மூணாவது, அழுகினது, பூஞ்சை பூத்தது. "அழுகின இடத்த மட்டும் வெட்டிட்டு மீதிய ஜாம்ல போட்டுடு"னு பெரியவங்க சொல்வாங்க, இதுல மட்டும் அவங்க பேச்ச கேக்காதீங்க. ஆப்பிள் பூஞ்சைல பாட்டுலின்னு ஒரு நச்சு உண்டு, அது நல்லா இருக்கற சதைக்கும் பரவியிருக்கலாம், கொதிக்க வெச்சாலும் முழுசா போகாது. அடிபட்ட பழுப்பு வேற, அழுகல் வேற. அழுகினது குப்பைக்கு.

ஆப்பிள் விழுது

புதுசா செய்யறவங்க இதுல இருந்து ஆரம்பிங்க, கேக்குக்கும் இதுதான் அடிப்படை. ஒரு கிலோ ஆப்பிள தோல் சீவி, நடுத்தண்டும் விதையும் எடுத்துட்டு துண்டு போடுங்க. வெட்ட வெட்ட ஒரு எலுமிச்சை பிழிஞ்ச தண்ணில போட்டுட்டே வந்தா கறுக்காது. அப்பறம் வடிச்சிட்டு, அடி கனமான பாத்திரத்துல அரை கப் தண்ணியோட மூடி போட்டு சிம்ல 15-20 நிமிஷம். குழைஞ்சதும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை சாறு விட்டு மத்தால மசிங்க, மிக்ஸில போட்டா ரொம்ப நைசாயிடும், எனக்கு புடிக்காது. சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

குக்கர்ல நேரடியா போட்டுடாதீங்க. விழுது நுரைச்சு மேல வந்து வெயிட் போடற குழாய அடைச்சிடும், அது ஆபத்து. குக்கர்தான் வசதின்னா பருப்பு வெக்கற மாதிரி தனிப் பாத்திரத்துல, பாதிக்கு மேல ரொப்பாம, தட்டு மூடி வெச்சு ரெண்டு விசில் விடுங்க.

ஆறினதும் ஒவ்வொரு கப்பா ஜிப் கவர்ல போட்டு தட்டையா அமுக்கி ஃப்ரீசர்ல அடுக்கிடுங்க. ஆறு மாசம் கவலையில்ல, அதாவது அடுத்த ஏப்ரல் மாச வெயில் வரைக்கும் ஓடும், கரண்ட் ஒழுங்கா இருந்தா.

ஜாம்

பொடியா நறுக்கின ஆப்பிள் ஒரு கிலோ, சர்க்கரை 600 கிராம், எலுமிச்சை சாறு மூணு டேபிள்ஸ்பூன், தண்ணி ஒரு கப். சீவின தோலையும் நடுத்தண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஜாம் உறைய வெக்கற பெக்டின் அதுலதான் அதிகம். விதைய மட்டும் எடுத்துட்டு ஒரு மெல்லிசு வெள்ளைத் துணில முடிச்சா கட்டி ஆப்பிளோடயே வேக விடுங்க, வெந்ததும் கரண்டியால நல்லா அழுத்திப் பிழிஞ்சு எடுத்துடுங்க. அப்பறம்தான் சர்க்கரையும் எலுமிச்சையும், சர்க்கரைய முன்னாடியே போட்டா துண்டு வேகாம நறுக்குனு நிக்கும்.

இனிமே தீய கொஞ்சம் கூட்டி கிளறிட்டே இருங்க, செல்போன கைல எடுக்காதீங்க, அடி பிடிக்கறது ஒரு நிமிஷ வேலை. தெர்மாமீட்டர் இருந்தா 105 டிகிரி வந்ததும் நிறுத்தலாம். இல்லன்னா ஒரு ஸ்டீல் தட்ட முன்னாடியே ஃப்ரீசர்ல வெச்சு, அதுல ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளிப் பாருங்க, மேல சுருக்கம் விழுந்தா ரெடி, ஓடினா இன்னும் அஞ்சு நிமிஷம்.

சர்க்கரைய பாதியாக்கலாமான்னு எல்லாருமே கேக்கறாங்க. ஆக்கலாம், ஆனா அது வெளில வெக்கற ஜாம் இல்ல. சர்க்கரை தண்ணிய புடிச்சு வெச்சுக்கறதாலதான் கிருமி வளர முடியாம போகுது, குறைச்சீங்கன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு வாரத்துல முடிச்சிடுங்க. வெல்லம் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும், கலர் கறுப்பா வரும், அவ்வளவுதான்.

பாட்டில் கண்ணாடிதான். 10 நிமிஷம் கொதிக்கற தண்ணில போட்டு எடுத்து, பாட்டில் சூடா இருக்கும்போதே ஜாமும் சூடா ஊத்தி, மேல அரை விரல் இடம் விட்டு மூடுங்க. ரப்பர் உறை இருக்கற நல்ல மூடின்னா, மூடின பாட்டில மறுபடி கொதிக்கற தண்ணில முழுசா முங்கற மாதிரி 10 நிமிஷம் வெச்சு எடுத்து ஆற விடுங்க, மூடி நடுவுல உள்ள இழுத்துக்கும். இழுக்கலன்னா ஃப்ரிட்ஜ்தான்.

தொக்கு

பச்சை ஆப்பிள் இருந்தா மாங்காய்க்கு பதிலா இது. நாலு ஆப்பிள தோலோட துருவி, நல்லெண்ணெய் தாராளமா விட்டு கடுகு, பெருங்காயம் தாளிச்சு, மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு போட்டு எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்குங்க. கடைசில வறுத்துப் பொடிச்ச வெந்தயம் கால் ஸ்பூன், எலுமிச்சை சாறு. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம்னு சொல்லலாம், எங்க வீட்ல தயிர் சாதத்துக்கு முன்னாடி அவ்வளவு நாள் நிக்கறதில்ல.

முட்டை போடாத கோதுமை கேக்

விழுது இருந்தா முட்டை தேவையே இல்ல, ஈரப்பதத்தையும் பிடிப்பையும் அதே குடுத்துடும். தீபாவளிக்கு பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிக்கு குடுக்கவும் யோசிக்க வேண்டாம்.

கோதுமை மாவு 180 கிராம், பேக்கிங் சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், சுக்குப் பொடி கொஞ்சம், எல்லாத்தையும் சேத்து சலிச்சுக்குங்க. இன்னொரு பாத்திரத்துல விழுது 250 கிராம், பொடிச்ச சர்க்கரை 130 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, எலுமிச்சை சாறு ஒரு டேபிள்ஸ்பூன் கலக்குங்க. ஃப்ரீசர் விழுதுன்னா முழுசா உருகி ரூம் சூட்டுக்கு வரட்டும். ரெண்டையும் சேத்து மாவு மறையற வரைக்கும் மட்டும் கலக்குங்க, அதுக்கு மேல அடிச்சா ரப்பராயிடும். இட்லி மாவு பதம் வரணும், கெட்டியா இருந்தா ரெண்டு மூணு ஸ்பூன் பால். எலுமிச்சையும் சோடாவும் சேந்ததும் நுரைக்க ஆரம்பிச்சிடும், அதனால ஓவன் முன்னாடியே சூடாகியிருக்கணும், மாவ கலக்கிட்டு போன் பேச போகக்கூடாது.

உள்ள துண்டு போட ஆசைன்னா அரை கப் ஆப்பிள பொடியா நறுக்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரைல பெரட்டி கால் மணி நேரம் வெச்சா தண்ணி விடும், அத வடிச்சிட்டு மாவுல பெரட்டி போடுங்க. வடிக்காம போட்டா துண்ட சுத்தி கேக் களி மாதிரி வேகாம நிக்கும்.

7 இன்ச் டின், ஓடிஜில (மேசை மேல வெக்கற சின்ன கரண்ட் ஓவன்) 175 டிகிரி, 40-45 நிமிஷம், நடுவுல குச்சி விட்டுப் பாருங்க. ஓவன் இல்லன்னா பழைய குக்கர்ல அடில உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வெச்சு, கேஸ்கெட்டும் வெயிட்டும் கழட்டிட்டு 10 நிமிஷம் சூடாக்கி, டின்ன வெச்சு சிம்ல 50 நிமிஷம் போல. மேல கலர் கம்மியா வரும், ருசில குறை இல்ல. முழுசா ஆறின பிறகுதான் வெட்டணும், அடுத்த நாள் இன்னும் நல்லா இருக்கும்.

வத்தல் போடலாமா?

மெல்லிசா வட்டமா வெட்டி எலுமிச்சைத் தண்ணில முக்கி காய வெக்கலாம்தான், மலைல அப்படி செய்யறாங்க. ஆனா அக்டோபர் கடைசில இருந்து டெல்லி காத்து என்னன்னு தெரியும்ல, மொட்டை மாடில போட்டா புகையும் தூசியும் சேத்துதான் காயும். ஓடிஜில இருக்கறதுலயே கம்மி சூட்டுல, கதவ லேசா திறந்து வெச்சு, மூணு நாலு மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடுங்க. வளைச்சா தோல் மாதிரி வளையணும், கிள்ளினா ஈரம் கசியக்கூடாது. நல்லா ஆற விட்டு காத்து புகாத டப்பால போட்டு, முதல் ஒரு வாரம் தினமும் ஒரு குலுக்கு குலுக்கிப் பாருங்க, மூடி உள்பக்கம் வேர்த்திருந்தா மறுபடி ஓவனுக்கு.