அலங்காரப் பொருள்களுக்கு ஒரு திறந்த அலமாரி செய்யும் முறை

அலமாரி செய்ய முனைவோர் பெரும்பாலும் முதலில் சுவரை அளக்கிறார்கள். உண்மையில் முதலில் அளக்க வேண்டியவை அதில் இடம்பெறப்போகும் பொருள்களே. குத்துவிளக்கு, மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, சட்டமிட்ட படங்கள் என எல்லாவற்றையும் தரையில் பரப்பி உயரவாரியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் மிக உயரமான பொருளின் அளவுடன் 50 மி.மீ. கூட்டினால், அந்தத் தட்டுக்கு வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும்.

இங்கே விளக்கப்படும் அலமாரி 1500 மி.மீ. உயரமும் 900 மி.மீ. அகலமும் 250 மி.மீ. ஆழமும் கொண்டது. அடியில் 75 மி.மீ. பீடம், 18 மி.மீ. கனத்தில் ஐந்து தட்டுகள், அவற்றுக்கிடையே கீழிருந்து மேலாக 450, 350, 300, 235 மி.மீ. இடைவெளிகள் என்று கணக்கிட்டால் உயரம் சரியாக நிறைவுபெறும். உங்கள் பொருள்களுக்கேற்ப இந்த நான்கு எண்களையும் மாற்றலாம். அவற்றின் கூட்டுத்தொகை 1335 ஆக இருந்தால் போதும்.

அகலத்தை மட்டும் 900 மி.மீ.க்கு மேல் கொண்டுபோக வேண்டாம். அதே எடையைத் தாங்கும் தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நடுவில் விழும் தொய்வு எட்டு மடங்காகும். வெண்கலமும் பித்தளையும் ஆண்டுக்கணக்கில் நகராமல் நிற்கும் தட்டில் அந்தத் தொய்வு நிலையாகத் தங்கிவிடும். நீண்ட சுவர் இருந்தால், ஒரே பெரிய அலமாரியைவிட இரண்டு சிறியவற்றை அருகருகே நிறுத்துவதே நல்லது.

பிளைவுட்டில், எம்.ஆர். (MR) எனக் குறிக்கப்படும் வகையைவிட பி.டபிள்யூ.ஆர். (BWR) வகை சற்று விலை கூடுதலானாலும் ஈரத்தைப் பெரிதும் தாங்கும். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கப்படும் வீடுகளில் அந்தக் கூடுதல் செலவு வீணாகாது. எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. ஷீட் ஒன்றும், முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. ஷீட்டில் 1500-க்கு 900 மி.மீ. துண்டு ஒன்றும் வாங்கவேண்டும்.

கடையிலேயே அறுத்துத் தரும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நேரான வெட்டு கைரம்பத்தில் எளிதில் அமையாது. பெரிய ஷீட்டை நீளவாக்கில் 250 மி.மீ. அகலமுள்ள நான்கு பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். இப்படி அறுத்தால் மேல்பரப்பின் மரவரி தட்டின் நீளத்தோடு ஓடும். குறுக்கே ஓடினால் தட்டு வலுவிழக்கும். முதல் இரண்டு பட்டைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் 1500 மி.மீ. பக்கப்பலகை ஒன்றும் 864 மி.மீ. தட்டு ஒன்றும், மூன்றாவதில் இரண்டு தட்டுகளும், நான்காவதில் கடைசித் தட்டும் கிடைக்கும். ஷீட்டில் எஞ்சும் ஏறத்தாழ 200 மி.மீ. அகலப் பட்டையை எறிந்துவிட வேண்டாம். அதிலிருந்து பீடத்துக்கு 75 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகளும், தட்டுகளின் முன்விளிம்புக்கு 30 மி.மீ. அகலத்தில் ஐந்து துண்டுகளும், எல்லாம் 864 மி.மீ. நீளத்தில் எடுக்கலாம்.

இந்த முன்விளிம்புப் பட்டை வெறும் அழகுக்கானதன்று. தட்டின் அகலத்தை 232 மி.மீ. ஆகக் குறைத்து, பட்டையின் அடியைத் தட்டின் அடியோடு சமமாக வைத்து மரப்பசையால் ஒட்டினால், மேலே 12 மி.மீ. தடுப்பு எழும்பி நிற்கும். அது பொம்மைகள் முன்னோக்கி நழுவுவதைத் தடுப்பதோடு தட்டின் தொய்வையும் குறைக்கிறது. மேல்தட்டில் மட்டும் பட்டையைக் கீழ்நோக்கி ஒட்டினால் மேற்பரப்பு சமதளமாக அமையும்.

பொருத்தும்போது இரு பக்கப்பலகைகளையும் அருகருகே கிடத்தி, மூலைமட்டம் வைத்துத் தட்டுகளின் கோடுகளை ஒரே நேரத்தில் இரண்டிலும் இழுங்கள். தனித்தனியே அளந்தால் ஏதோ ஒரு தட்டு சாய்ந்துதான் நிற்கும். ஒவ்வொரு முனைக்கும் மூன்று 50 மி.மீ. ஸ்குரூக்கள் போதும். முதலில் 3 மி.மீ. துளையிடாமல் முடுக்கினால் பிளைவுட்டின் விளிம்பு பிளந்துபோகும். பசை காய்வதற்குள் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள்: இரண்டும் ஏறத்தாழ 1749 மி.மீ. இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. வேறுபட்டால் நீளமான மூலைவிட்டத்தின் முனையைத் தள்ளிச் சரிசெய்து, உடனே முதுகுப் பலகையை அறையுங்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பது பெரும்பாலும் இந்த மெல்லிய பலகையால்தான். இதை மிச்சம் பிடிப்பவர்களின் அலமாரி நாளடைவில் ஆடத் தொடங்கும்.

ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடிக்கலாம். மரவரி தெரிய வேண்டுமென்றால் வார்னிஷ். பக்கப்பலகைகளின் அடிவிளிம்புக்குக் கூடுதலாக இரண்டு பூச்சு கொடுத்து பிளாஸ்டிக் குமிழ் பொருத்துங்கள். தரை துடைக்கும் நீரை முதலில் உறிஞ்சி உப்புவது அந்த விளிம்புதான்.

கடைசியாகச் சுவரோடு பிணைப்பு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல் காரணமாக அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் சிறு இடைவெளி விழும். காற்றோட்டத்துக்கு அது நல்லதே. அந்த அளவுக்கு மரத்துண்டு வைத்து, மேல்தட்டில் இரண்டு எல்-கிளாம்புகளைப் பூட்டுங்கள். ஸ்குரூவைப் பிடிக்கச் சுவர்த்துளையில் செருகும் பிளக், சுவர்ப்பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். மின்கம்பி அந்தக் கோட்டில் ஓடக்கூடும்.

கனமான விளக்குகள் அடித்தட்டில், பொம்மைகள் நடுவில், படங்களும் சிறு பொருள்களும் மேலே என்று அடுக்குங்கள். விளக்கை ஏற்றும் நாளில் அதை வெளியே எடுத்து வைத்தே ஏற்ற வேண்டும். தட்டுக்கடியில் சுடர் நின்றால் வார்னிஷ் கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.