டெக்சாஸில் முதல் வீடு: ஏப்ரலில் வரும் அந்தக் கடிதம்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று குஷியாக வந்து இறங்குவோம். வீடு வாங்கிய பிறகுதான் கணக்கு புரியும். பள்ளி, கவுண்டி, நகராட்சி எல்லாம் கை வைப்பது வீட்டு வரியில்தான்.

ஏப்ரல் வாக்கில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து, அதாவது வரிக்காக வீடுகளை மதிப்பிடும் அலுவலகத்திலிருந்து, கடிதம் வரும். ஜனவரி 1 அன்று உங்கள் வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று அதில் இருக்கும். பில் இல்லையே என்று டிராயரில் போட்டுவிடாதீர்கள். அந்த மதிப்பை மறுக்க மே 15 வரை, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள் வரை, எது பிந்தியதோ அதுவரைதான் அவகாசம். பில் கைக்கு வரும்போது காலம் கடந்திருக்கும்.

இதற்கு இங்கே புரொட்டஸ்ட் என்று பெயர். கொடி பிடிக்கும் வேலை ஒன்றுமில்லை. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வீம்புக்கு மதிப்பை ஏற்றிவிடுவார்களோ என்று நம்மவர்கள் பயப்படுவதுண்டு. புரொட்டஸ்டை விசாரிக்கும் குழுவான ரிவியூ போர்டு அப்படி உயர்த்தச் சட்டத்தில் இடமில்லை.

முதல் வருடம் நான் புரொட்டஸ்டுக்குப் போய், வரி கட்டி மாளவில்லை என்று பத்து நிமிடம் புலம்பினேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டின் மதிப்பைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறீர்களா?" என்றார். அங்கே பேச வேண்டியது அது ஒன்றைத்தான்.

புரொட்டஸ்ட் படிவத்தில் இந்த இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள்: சந்தை விலையைவிட அதிகம், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை. இரண்டாவதுதான் பலருக்குக் கைகொடுக்கும். அதே தெருவில், அதே அளவில், அதே வயதுள்ள வீடுகளின் மதிப்பு அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் வீட்டின் சதுர அடி, பாத்ரூம் எண்ணிக்கை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். களிமண் நிலத்தில் அஸ்திவாரம் விரிசல் விட்டிருந்தால் படமும், சரிசெய்ய ஆகும் செலவுக்கு ஒரு எஸ்டிமேட்டும் போதும். அவர்கள் காட்டப்போகும் ஆதாரத்தையும் எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்பே தர வேண்டும்.

நோட்டீஸ் மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் வாங்கிய விலை இருக்கும் குளோசிங் ஸ்டேட்மென்ட்டை நீட்டுங்கள். அதிகம் கொடுத்து வாங்கியிருந்தால் நீங்களாக நீட்ட வேண்டாம். விற்பனை விலையை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் இல்லை. ஆனால் போர்டு முன்பு சத்தியப் பிரமாணம் உண்டு, பொய் மட்டும் கூடாது.

போர்டு விசாரணைக்கு முன்பே டிஸ்ட்ரிக்டின் மதிப்பீட்டாளரான அப்ரைசரோடு ஒரு பேச்சு நடக்கும். பெரும்பாலும் அங்கேயே படிந்துவிடும். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த வருடக் கதை முடிந்தது, அவசரப்படாதீர்கள்.

அப்புறம், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகை, ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன், அதற்கு விண்ணப்பம் போட்டீர்களா? பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். அடுத்த வருடத்திலிருந்து வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது. இதற்கும் காசு இல்லை. டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரியே இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் அதை மாற்றுங்கள்.