ஸ்பீக்கரைப் பார்த்து ஆம்ப் வாங்குங்கள்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கும்போது எல்லோரும் முதலில் வாட்ஸைக் கேட்கிறார்கள். நானோ ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைக் கேட்பேன், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அது எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதை. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரு மடங்காக வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் போதுமென்றால், அதே சத்தத்துக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் 80 வாட்ஸ் கேட்கும். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சுமார் 83 டெசிபல்தான். அருமையான ஸ்பீக்கர், ஆனால் சின்ன ஆம்புக்கு ஆகாது.

ஸ்பீக்கர் கையேட்டில் சென்சிட்டிவிட்டியை 1 வாட்டுக்குப் பதில் '2.83 வோல்ட்' என்று போட்டிருந்தால் கவனியுங்கள். 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரென்றால் 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓம். ஸ்பீக்கரில் எழுதியிருப்பது தோராயமான அளவுதான். சில அதிர்வெண்களில் அது நன்றாகவே இறங்கும். ஆம்பின் பின்னால் 'குறைந்தது 6 ஓம்' என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். 8 ஓமில் 50, 4 ஓமில் 90 வாட்ஸ் தரும் ஆம்ப் என்றால் அதன் பவர் சப்ளை திடமானது. நான் அதையே எடுப்பேன்.

என் 12க்கு 10 அடி அறையில் 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் தாராளம். சின்ன ஆம்பை முழுக்கத் திருகினால் கிளிப்பாகி (ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டர், அதாவது உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், எரியலாம். கடையில் மிருதங்கத் தனியாவர்த்தனம் போட்டு, தொப்பி (இடப்பக்கம்) ஒலி குழறாமல் வருகிறதா என்று கேளுங்கள்.