மூன்று கட்டையில் ராக்கபில்லி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ராக்கபில்லி என்ற அமெரிக்கப் பாட்டு வகைக்கு மூன்று பேர் போதும். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்தில், சாம் பிலிப்ஸின் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது அறையில் இருந்தவை அவர் கையில் ஒரு சாதாரண கிதார், ஸ்காட்டி மூரின் எலக்ட்ரிக் கிதார், பில் பிளாக் நின்றபடி வாசித்த பெரிய பேஸ். டிரம்ஸ் கிடையாது. அமெரிக்கக் கிராமியப் பாட்டும், அங்குள்ள கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் மோதிய சத்தம் அது. நாட்டுப்புற மெட்டில் சொந்தமாகப் பாட்டு கட்டுகிறவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மீதிப் பாதிக்கான வழிதான் இது.

முதலில் தாளம்

தெம்மாங்கும் கும்மியும் பெரும்பாலும் திஸ்ர நடையில் போகும்: தகிட தகிட. ராக்கபில்லி நான்கு தட்டில் போனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஓடுவது இதே தகிடதான். நடுவில் உள்ள ‘கி’யை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிடுங்கள்: த-ட, த-ட, த-ட, த-ட. இதைத்தான் ஷஃபிள் என்கிறார்கள். கையில் தாளம் போட்டு, முதலில் ‘கி’யை வாய்விட்டுச் சொல்லிப் பத்து நிமிடம், பிறகு விழுங்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் சம இடைவெளி கொடுத்துவிட்டால் ஷஃபிள் போய் நடை நேராகிவிடும்.

நிமிடத்துக்கு 160 முதல் 200 தட்டு வரை நல்ல வேகம். 100இல் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். 200ஐத் தாண்டினால் ‘கி’யின் இடம் சுருங்கி நடை தானாகவே நேராகிவிடும்.

சுருதியும் கார்டும்

கிதாரில் ஈ என்பது 3 கட்டை. ராக்கபில்லிக்குப் பிறந்த சுருதி இதுவே, ஏனென்றால் கனமான ஆறாவது கம்பி திறந்தபடி முழங்கும். கூத்து ஜமாவில் 5 கட்டையில் பாடிப் பழகிய குரல் என்றால் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி அதே ஈ வடிவத்தையே பிடியுங்கள். 6 கட்டைக் குரலுக்கு ஏ, டி, ஈ7 கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) பிடிக்கலாம்.

மொத்தம் பன்னிரண்டு பார், ஒவ்வொன்றும் நான்கு தட்டு. ஈ நான்கு பார், ஏ இரண்டு, ஈ இரண்டு, பி7 ஒன்று, ஏ ஒன்று, ஈ ஒன்று, கடைசியில் பி7 ஒன்று. அங்கிருந்து மறுபடி முதல் ஈ-க்குத் திரும்பும்.

உங்கள் மெட்டு சுத்த தன்யாசிச் சாயலில் இருந்தால் அப்படியே இதன்மேல் உட்காரும். மெட்டில் வருவது சாதாரண காந்தாரம், ஈ கார்டுக்குள் இருப்பது அந்தர காந்தாரம். இரண்டும் உரசும். அந்த உரசல்தான் ப்ளூஸ். தப்பாகக் கேட்கிறதே என்று பயந்து கார்டை ஈ மைனராக மாற்றிவிடாதீர்கள், பாட்டு சோகப் பாட்டாகிவிடும். மோகனச் சாயல் மெட்டும் பொருந்தும், ஆனால் அதில் காரம் குறைவு.

ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஷட்ஜத்தை விடாமல் பிடித்திருக்கும் பழக்கம் ஈ பாரிலும் ஏ பாரிலும் சரி. பி7 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பி7இல் இருக்கும் டி ஷார்ப்புக்கும் உங்கள் ஷட்ஜத்துக்கும் அரைச் சுரமே தூரம், காதைக் கிழிக்கும்.

வரியை எப்படிப் பொருத்துவது

பன்னிரண்டு பாரில் மூன்று அடி. முதல் அடி, அதையே இன்னொரு முறை, பிறகு பதில் சொல்லும் மூன்றாவது அடி. ஒவ்வோர் அடியும் இரண்டு பார் பாட்டு, அடுத்த இரண்டு பார் கிதாரின் பதில். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பி வாங்குவார்கள் அல்லவா, இரண்டாவது அடியை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

ஒரு மாதிரி:

தொப்பூரு எறக்கத்துல வண்டி நிக்கலே
தொப்பூரு எறக்கத்துல வண்டி நிக்கலே
உப்புமூட்ட ஏத்திவந்தும் ஒன்ன மறக்கலே

அடிக்கு நான்கு சீர், சீருக்கு இரண்டு தட்டு. இரண்டு தட்டு என்றால் தகிட தகிட, ஆறு பங்கு. ஆகவே ஒரு சீரில் மெய்யைத் தள்ளி எண்ணினால் ஐந்து எழுத்துக்கு மேல் வைக்காதீர்கள். ‘எறக்கத்துல’ ஐந்து, அதுவே எல்லை. ஆறு போட்டால் 180 வேகத்தில் நாக்கு தடுக்கும்.

இப்போது எதுகையைப் பாருங்கள். ‘தொப்’ முதல் தட்டில், ‘பூ’ இரண்டாம் தட்டில். ‘உப்’ முதல் தட்டில், ‘பு’ இரண்டாம் தட்டில். ராக்கபில்லியில் ஓங்கிய அடி விழுவது இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும். எதுகை எழுத்து வெடிக்கும் இடமும் பறை விழும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இதற்காகவே வல்லின எதுகையைத் தேடி எழுதுங்கள். மெல்லின எதுகை தாலாட்டுக்கு நல்லது, இங்கே அமுங்கிப்போகும்.

பாடும்போது குரலை விக்கலைப்போல் சட்டென்று மேலே உடைப்பது இந்தப் பாணியின் அடையாளம். தமிழில் இதை எங்கே வேண்டுமானாலும் செய்ய முடியாது. குறிலை இழுத்து உடைத்தால் கல் காலாகிவிடும், பல் பாலாகிவிடும். இயல்பான நெடிலிலும், அடிக்கடைசி ஏகாரத்திலும் மட்டும் உடையுங்கள்: நிக்கலே-ஏ. ஒரு அடிக்கு ஒன்று போதும்.

கிதார்

சும்மா மேலும் கீழும் அடிக்கிற பழக்கத்தை விட்டு, கட்டைவிரலுக்குத் தனி வேலை கொடுக்க வேண்டும். ஈ பிடிக்கையில் கட்டைவிரல் ஆறாவது கம்பி, நான்காவது கம்பி என்று மாறி மாறி ஒவ்வொரு தட்டிலும் விழட்டும். ஏ-வுக்கும் பி7-க்கும் ஐந்தாவது, நான்காவது. உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் மேல் லேசாகப் படிந்திருந்தால் பேஸ் கம்பிகள் ‘டும்’ என்று அடங்கும். கை அரை அங்குலம் முன்னே போனாலும் சுரம் செத்துவிடும், பின்னே போனால் முழங்கிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய மூன்று கம்பிகளில் ‘ட’வை எடுக்கட்டும். சாதாரண கிதாருக்கு 12-53 செட் கம்பி போடுங்கள். மெல்லிய 10 செட் இவ்வளவு அடியைத் தாங்காமல் சுருதி விலகும்.

தாளக்காரர் கிடைக்கவில்லையா? 2 செ.மீ. அகலத்தில் தாளைக் கிழித்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஆறாவது கம்பிக்கு மேல், ஐந்தாவதுக்குக் கீழ் என்று பின்னிவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ‘சக்’ என்று வரும். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் இப்படித்தான் டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்த்தார். நோட்டுப் புத்தகத் தாள் சரியான கனம். அட்டை போட்டால் கம்பியே ஊமையாகும்.

எலக்ட்ரிக் வாசிப்பவர் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை எடுத்து, மெதுவாக வாசித்தால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் சற்றே கரகரப்பாகவும் வரும் அளவுக்கு மட்டும் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கெய்ன் பட்டனை வைக்கட்டும். டிஸ்டார்ஷன் பெடல் வேண்டாம்.

பேஸ்: அன்னக்கூடையில் செய்துகொள்வது

நின்று வாசிக்கும் பெரிய பேஸ் நம் பக்கம் எளிதில் கைக்குக் கிடைக்காது. வாய் 2 அடி அகலமுள்ள பழைய அலுமினிய அன்னக்கூடையோ தகரத் தொட்டியோ போதும். அதனுடன் நாலரை அடி மூங்கில் கழி, ஒரு கண் போல்ட் (தலையில் வளையமுள்ளது), இரண்டு பெரிய வாஷர், ஒரு ரப்பர் வாஷர், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் 2.4 மி.மீ. நைலான் ஒயர் 2 மீட்டர்.

கூடையைக் கவிழ்த்து அடிப்பாகத்தின் நட்டநடுவில் துளையிட்டு, உள்ளும் வெளியும் வாஷர் வைத்து போல்ட்டை முடுக்குங்கள். வாஷர் இல்லாமல் முடுக்கினால் சில நாளில் துளை கிழியும். ரப்பர் வாஷர் வெளிப்பக்கம் இருந்தால் ‘ஜர்ர்’ சத்தம் வராது. கழியின் அடியில் V வடிவ வெட்டுப் போட்டு, சைக்கிள் டியூப் சுற்றி, கூடையின் விளிம்பில் நிறுத்துங்கள். ஒயரை போல்ட்டில் கட்டி மறுமுனையைக் கழியின் தலையில் கட்டவும். கூடையின் எதிர் ஓரத்துக்கு அடியில் ஓர் அங்குல மரக்கட்டை வைக்க மறக்காதீர்கள். காற்று வெளியேற வழி இல்லையென்றால் சத்தம் உள்ளேயே சாகும்.

ஒயர் அதிரும் நீளம் 132 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கழியை இழுத்துப் பிடித்து அதை ஈ-க்குச் சேருங்கள். மேலிருந்து 33 செ.மீ.இல் ஒரு கோடு, 44 செ.மீ.இல் இன்னொரு கோடு. முதல் கோட்டில் ஒயரைக் கழியோடு அழுத்தினால் ஏ, இரண்டாவதில் பி. முக்கால் நீளத்தில் மத்யமமும் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமமும் வரும் பழைய கணக்குத்தான். கழி ஆடாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சாய்த்தால் இழுவை மாறிச் சுருதி ஓடிவிடும்.

ஒன்றிலும் மூன்றிலும் ஒயரை இழுத்துவிடுங்கள். இரண்டிலும் நான்கிலும் உள்ளங்கையால் ஒயரைக் கழியோடு ‘சட்’ என்று அறையுங்கள். அந்த அறைதான் ராக்கபில்லியின் முதுகெலும்பு. விரல்களில் பருத்தித் துணி பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் கொப்புளம்.

பறை

பறையடிப்பவர்களின் கை இடைவெளியை நிரப்பியே பழகியது. இங்கே அவர்களிடம் கேட்க வேண்டியது இடைவெளியை விடும் பொறுமை. அடிக்குச்சி இரண்டிலும் நான்கிலும் மட்டும். சிண்டுக்குச்சி (மெல்லிய நீளக் குச்சி) ‘த-ட’வை மெல்ல ஓட்டட்டும். உருட்டு வேண்டுமானால் பன்னிரண்டாம் பாரில் மட்டும். தோல் பறை என்றால் வெளியரங்குக்குக் காய்ச்சுகிற அளவில் முக்கால்வாசி காய்ச்சினால் போதும். முழுக்கக் காய்ச்சினால் அறைக்குள் மணிபோல ஒலித்துப் பாட்டை மூடும். மூன்று விரல் அகலத் துணியை ஓரத்தில் ஒட்டினால் சத்தம் குறுகும். ஓசூர்ப் பக்கம் பனி இறங்கும் இரவுகளில் தோல் சீக்கிரம் தளரும், பக்கத்திலேயே நெருப்பு வைத்திருங்கள்.

எதிரொலி

சாம் பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்களை வைத்து ஒரே ஒரு எதிரொலியை உண்டாக்கினார். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே 2 அங்குலம் இருந்தால் தாமதம் 133 மில்லிவினாடி. உங்களுக்கு ஒரு டிலே பெடலோ மென்பொருளோ போதும். எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள்: 20,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுக்கவும். 160க்கு 125, 180க்கு 111, 200க்கு 100 மில்லிவினாடி. இது தகிடவின் ஓர் எழுத்துக்குரிய நேரம். நீங்கள் விழுங்கிய ‘கி’யை எதிரொலி திருப்பிச் சொல்லும். ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) பூஜ்யம், ஒரே ஒரு எதிரொலி, கலவை 30 சதவீதம் அளவு. இரண்டு எதிரொலி வந்தாலே தமிழ் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சொல் புரியாது.

பதிவு

10க்கு 12 அடி அறை போதும். கைதட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடினால் அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் கனத்த போர்வை, தரையில் கோணிச் சாக்கு. நான்கு சுவரையும் மூடிவிடாதீர்கள், அறையின் உயிர் போய்விடும். மின்விசிறியை நிறுத்துங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள், அருகில் போர் மோட்டார் ஓடாத நேரம் பாருங்கள். ஆம்ப்பில் ‘ம்ம்’ என்று ஹம் வந்தால் எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து.

ஒரே ஒரு டைனமிக் மைக். பாடுகிறவர் ஓர் அடி தூரம், அவர் கிதார் அதற்குக் கீழே, பேஸ் 4 அடி, ஆம்ப் 5 அடி, பறை 8 அடியில் மைக்கின் முதுகுப் பக்கம். சத்தம் கூடுதல் குறைவு என்றால் பட்டனைத் திருகாதீர்கள், ஆளை நகர்த்துங்கள். பதியும் சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருக்கட்டும். தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை நான்கு தட்டு கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். மூன்று முறை முழுதாகப் பாடிப் பதியுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் பக்கம் போகவே கூடாது, விக்கல் உடைப்பை அது தப்பு என்று நினைத்து நேராக்கிவிடும்.

மேடை

திருவிழா மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “அண்ணா, மிக்சர்ல எக்கோவ முழுசா எடுத்துடுங்க.” அவர் போடும் நீண்ட எக்கோவும் உங்கள் பெடலும் சேர்ந்தால் ஷஃபிள் கரைந்துபோகும். ஓசூர்க் குளிரில் சுருதி சேர்த்த கிதாரைத் தருமபுரி வெயிலில் இறக்கினால் சுருதி விலகியிருக்கும். அரை மணி முன்னதாகப் பெட்டியைத் திறந்து நிழலில் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வது சட்டம். அதனால் வேகமான பாட்டுகளை 9 மணிக்குள் வைத்து, பறைக்காரர் தோலைக் காய்ச்சும் இடைவெளியில் தாள் செருகிய கிதாரோடு ஒரு பாட்டைத் தனியாகப் பாடிவிடுங்கள்.