டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் தவறா? இப்போதே திருத்துங்கள்

ஆதாரில் மனைவி பெயர் 'விஜயலட்சுமி'. டிஸ்சார்ஜ் புக்கிலும் (படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிப் புத்தகம்) படைப் பதிவிலும் 'விஜயா'. முன்னாள் ராணுவ வீரர் இருக்கும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. அவர் காலமான பிறகுதான் குடும்ப ஓய்வூதியம் இதில் சிக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அந்த அம்மாவை அலையவிடுவது கொடுமை. வீரர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வங்கியில் மட்டும் மாற்றினால் போதாது. மூலப் பதிவு இருப்பது அவரது ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஆதார், பான் நகல்களோடு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரமும் வேண்டும். நோட்டரி கையெழுத்தை ஏற்காமல் திருப்பி அனுப்புவதுண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் எடுப்பதே பாதுகாப்பு. பெயரே மாறுகிறது என்றால் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள்.

ஒவ்வொரு தாளிலும் சர்வீஸ் நம்பர், ரேங்க் எழுதுங்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கைத் தபாலில் அனுப்பவே வேண்டாம். பார்ட் டூ ஆர்டர் (மாற்றத்தைப் படைப் பதிவில் ஏற்றும் ஆணை) வெளியான பின், திருத்திய பி.பி.ஓ. வந்ததா, ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் உட்பட, ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.